ஆறாவது லிட்டர்

"வண்டி ரொம்ப பெட்ரோல் குடிக்குது மாஸ்டர்" என்று யாராவது பட்டறைக்கு வந்தால் விதோமிர் உடனே பானெட்டைத் திறக்க மாட்டார். பழைய துணியில் கையைத் துடைத்துக்கொண்டு முதலில் ஒன்று கேட்பார்: "வீட்டுல விசாரிச்சீங்களா?"

வந்தவர் திருதிருவென்று விழிப்பார். கார்புரேட்டர் கோளாறுக்கும் வீட்டுக்கும் என்ன சம்பந்தம்? வயதாகிவிட்டது, மாஸ்டருக்கு மரை கழன்றுவிட்டது என்று வெளியே போய்ச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தக் கேள்வி எங்கே பிறந்தது என்று முழுசாகத் தெரிந்தவர்கள் இன்றைக்கு மூன்றே பேர். அவர், மலைமேல் இருக்கும் மிலென்கோ, அப்புறம் நான். வாயாடி என்று வார்டு முழுக்கப் பெயர் எடுத்தவள் நான். பேச வேண்டிய ஒரே ஒரு இடத்தில் பேசாமல் இருந்துவிட்டேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

தொண்ணூற்று மூன்றாம் வருடம். கிழக்கு செர்பியாவில், செப்புச் சுரங்கம் இருக்கும் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் நான் டயாலிசிஸ் வார்டு நர்ஸ். நாட்டின் மேல் உலக நாடுகள் பொருளாதாரத் தடை போட்டிருந்தன. பெட்ரோல் பங்குகளில் காற்றுகூட வரவில்லை. டான்யூபுக்கு அக்கரையிலிருந்து படகில் கடத்தி வந்ததை, சாலையோரம் முக்காலி போட்டு சோடா பாட்டிலில் விற்றார்கள். எங்கள் ஆம்புலன்ஸ் டீசல் இல்லாமல் முற்றத்தில் நின்றது. பூனை அதற்குள் குட்டி போட்டிருந்தது. மெஷின்கள் மட்டும் எப்படியோ ஓடின. சிறுநீரகம் செத்துப்போனவர்கள் வாரம் மூன்று நாள் வந்து நான்கு மணி நேரம் படுத்தால்தான் உயிர். எப்படி வந்து சேர்வது என்பது அவரவர் பாடு.

விதோமிர் தன் மனைவி பெர்சிதாவை நாற்பத்திரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஊரிலிருந்து ஒரு சின்ன வெள்ளைக் காரில் கூட்டி வருவார். போக வர எண்பத்துநான்கு. அந்த அளவு காருக்கு ஐந்து லிட்டர் போதும் என்பது அவர் கணக்கு. "வாரத்துக்குப் பதினஞ்சு லிட்டர் இருந்தா அந்த வாரம் பெர்சிதா இருப்பா சிஸ்டர். அவ்வளவுதான் விஷயம்" என்று என்னிடம் சொல்வார். பெர்சிதாவுக்கு நாற்பத்து நான்கு வயது. மெஷினில் படுத்துக்கொண்டே ஒற்றைக் கையை ஆட்டி ஆட்டி எல்லோரையும் கேலி பேசக்கூடியவள்.

பெட்ரோல் விஷயத்தில் அவர் கஞ்ச மகாபிரபு. எடை குறையட்டும் என்று பின் சீட்டைக் கழற்றிவிட்டார். ஜாக்கி, ஸ்டெப்னி, ஒரு வைப்பர், சாம்பல் கிண்ணம், எல்லாம் வீட்டில். இறக்கம் வந்தால் இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியை அதன் போக்கில் உருட்டுவார். அந்த வருடம் நாங்கள் எல்லோருமே அப்படித்தான் இறங்கினோம். மலைப்பாதையில் கார்கள் சத்தமே இல்லாமல் பேய் மாதிரி எதிரே வரும். ஒரு நாள் நான் பாதி வழிக்கு வருகிறேன் என்று கேட்டேன். என் பையை முறைத்துப் பார்த்தார்.

"அதுல என்ன சிஸ்டர்?"

"தக்காளி."

"எவ்வளவு?"

"ரெண்டு கிலோ இருக்கும்."

"இங்கேயே தின்னுட்டு ஏறுங்க."

"யோவ், அவங்க தின்னா மட்டும் எடை எங்கய்யா போகும்? வயித்துல ஏறித்தானே வரும்?" என்றாள் பெர்சிதா. அவர் உண்மையிலேயே கொஞ்ச நேரம் அதை யோசித்தார். பிறகு தக்காளியோடு ஏற்றிக்கொண்டார்.

யாருக்கும் ஒரு சொட்டு கொடுக்க மாட்டார். பக்கத்து வீட்டுக்காரன் அறுப்பு மெஷினுக்கு அரை லிட்டர் கேட்டு வந்தபோது வாசலிலேயே நிறுத்திவிட்டாராம். "டேங்க்ல இருக்கறது பெட்ரோல் இல்லப்பா. என் பொண்டாட்டி ரத்தம். அரை லிட்டர் ரத்தம் கேட்டா எவன் குடுப்பான்?" பெர்சிதா உள்ளே இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது பெருமையாகவும் இருந்தது, உறுத்தலாகவும் இருந்தது. அவளே என்னிடம் சொன்னாள்.

மார்ச் மாதத்தில் தொந்தரவு ஆரம்பித்தது. ஐந்து லிட்டர் குடிக்க வேண்டிய கார் ஆறு குடித்தது.

கத்தியால் கோடு கீறிய ஒரு குச்சி வைத்திருந்தார். வீட்டை விட்டுக் கிளம்பும்போது டேங்கில் விட்டுப் பார்ப்பார், திரும்பியதும் மறுபடி பார்ப்பார். அடுத்த முறை வார்டு வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்று எனக்கு அறிக்கை கொடுப்பார். "ஆறு சிஸ்டர்." நான் என்னவோ மருந்து எழுதிக் கொடுக்கப் போகிறவள் மாதிரி. வாரத்துக்கு மூன்று லிட்டர் காணாமல் போனால் நாலைந்து வாரத்தில் ஒரு வாரம் முழுசாகக் காலி. அந்த ஒரு வாரம் பெர்சிதா என்ன ஆவாள் என்று அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை.

திருட்டாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார். அந்த வருடம் ஊரில் பாதிப் பேருக்கு வாயில் பெட்ரோல் வாடை. நாங்கள் மெஷினை இணைத்ததும் அவர் ரொட்டிக்கும் பெட்ரோலுக்கும் ஊரைச் சுற்றப் போய்விடுவார், கார் ஆஸ்பத்திரி முற்றத்தில் நிற்கும். காவலாளிக்கு சிகரெட் கொடுத்து, "எவனாவது அந்நியன் கிட்ட வந்தானா?" என்று கேட்டார். "அந்நியன் ஒருத்தனும் வரல மாஸ்டர், என் கண்ணு மேல சத்தியம்" என்றான் அவன். அது உண்மைதான். சரி, வண்டியில்தான் கோளாறு என்று முடிவு செய்தார். மெக்கானிக் அல்லவா, அவருக்கு அதுதான் நிம்மதியான பதில்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காரைப் பிரித்துப் போட்டார். முதல் ஞாயிறு ஏர் ஃபில்டர். தட்டியதில் ஒரு கைப்பிடி சுரங்கத் தூசி விழுந்தது. அடுத்த ஞாயிறு ஸ்பார்க் பிளக்குகள். கரி பிடித்திருந்தன, அப்படியென்றால் பெட்ரோல் அதிகமாகப் பாய்கிறது என்று சோக்கைப் பார்த்தார், முழுசாகத் திறக்காமல் மடல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கடுத்து கார்புரேட்டரில் மிதவையின் உயரம். அதற்கடுத்து, ஓட்டிவிட்டு வந்து நான்கு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்ததில் பின்பக்க இடது சக்கரம் மட்டும் சுட்டது, பிரேக் லேசாகப் பிடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும், "கண்டுபிடிச்சுட்டேன் சிஸ்டர்!" என்று திங்கட்கிழமை முகமெல்லாம் பல்லாக வருவார். புதன்கிழமை வாசலில் தொப்பியைக் கழற்றுவார். "ஆறு."

ஒவ்வொன்றிலும் கரண்டி அளவு மிச்சமானது உண்மை. அந்த ஒரு லிட்டர் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

ஏப்ரலில் ஒரு நாள் ஜன்னல் வழியாக எனக்கு விடை கிடைத்தது. பட்டாளத்துச் சட்டை போட்ட ஒல்லியான ஆள் ஒருவன் பட்டப்பகலில் வெள்ளைக் காரின் டேங்கில் ரப்பர் குழாயை விட்டு வாயால் உறிஞ்சினான், துப்பினான், பாட்டிலைப் பிடித்தான். காவலாளி பக்கத்திலேயே நின்று கதை பேசிக்கொண்டிருந்தான். நான் பெர்சிதாவின் கட்டிலுக்கு ஓடினேன்.

"உங்க வண்டியில ஒருத்தன் கைய வெச்சுட்டான்!"

சும்மா இருந்த கையால் அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "கத்தாதீங்க சிஸ்டர். நான் சொல்லித்தான் எடுக்கறான்."

பக்கத்துக் கட்டிலில் கலினா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கலினாவுக்கு முப்பத்தொரு வயது. இருபத்தைந்து கிலோமீட்டர் மேலே, மலையில், விளாக் இனத்தவர் வாழும் கிராமத்தில் பள்ளிக்கூடச் சமையல்காரி. பிப்ரவரியில் பஸ் நின்றுபோனது. முற்றத்தில் குழாய் விட்டவன் அவள் அண்ணன் மிலென்கோ. அவன்தான் மொபெட்டின் பின்னால் உட்காரவைத்து, விழுந்துவிடாமல் பெல்ட்டால் தன்னோடு கட்டி, கூட்டி வருவான். மொபெட்டுக்குப் போக வர ஒரு லிட்டர். அந்த ஒரு லிட்டர் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. கட்டில்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததால் பெர்சிதாவுக்கு அது தெரியவந்தது. கலினா கேட்கக்கூட இல்லை. கூச்சக்காரி. இறந்துபோன அம்மாவின் பெயரைச் சொல்லி ஒவ்வொரு சனிக்கும் என் கையில் ஒரு ஆப்பிள் கொடுப்பாள். அவர்கள் வழக்கம் அது. வேண்டாம் என்றால், "நீங்க வாங்கலன்னா அம்மாவுக்குக் கிடைக்காது சிஸ்டர்" என்பாள்.

சனியா என்று கேட்பீர்கள். வார்டுக்கு அவள் வருவது திங்கள், புதன், வெள்ளி. சனிக்கிழமை ஆப்பிளை வெள்ளிக்கிழமையே கொண்டு வந்து, "நாளைக்குச் சாப்பிடுங்க, நாளைக்குத்தான் கணக்கு" என்று சொல்லிக் கொடுப்பாள்.

"மாஸ்டர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?" என்று பெர்சிதாவைக் கேட்டேன்.

"சொன்னா நிறுத்திடுவாரு. எனக்காகத்தான் நிறுத்துவாரு, அதான் கொடுமை."

"பாவம், ஞாயித்துக்கிழமையெல்லாம் காருக்கு அடியில படுத்துக் கெடக்கறாரே."

"கெடக்கட்டும் சிஸ்டர். எதையாவது கண்டுபிடிச்சு சந்தோஷமா எந்திரிக்கறாரு. என்னைத்தான் அவரால ரிப்பேர் பண்ண முடியல. அதையாவது பண்ணட்டும்."



மே மாதம் விதோமிர் என்னிடம் ஒரு காலி குளுக்கோஸ் பாட்டில் கேட்டார். ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டில், பக்கவாட்டில் அளவுக்கோடு போட்டது. எதற்கென்று கேட்டேன். பழைய மெக்கானிக்குகளின் வழி அது. டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, பாட்டிலில் சரியாக ஒரு லிட்டர் ஊற்றிக் கண்ணாடிப் பக்கம் தொங்கவிட்டு, அதிலிருந்து நேரே கார்புரேட்டருக்குக் குழாய் போடுவது. வண்டி தானாக நிற்கும் வரை ஓட்டுவது. ஒரு லிட்டர் எவ்வளவு தூரம் வருகிறது என்பதில் பொய் சொல்ல இடமில்லை. "இதுல தெரிஞ்சிரும் சிஸ்டர், குடிக்கறது வண்டியா இல்லையான்னு."

தெரிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். அலமாரியைத் திறந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். அதுவாக வெளியே வரட்டும், புருஷன் பெண்டாட்டி பேசித் தீர்த்துக்கொள்ளட்டும், நடுவில் நான் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆற்றோரச் சமதரையில் ஓட்டியிருக்கிறார். பதினேழு கிலோமீட்டரில் வண்டி நின்றது. அப்படியானால் எண்பத்துநான்கு கிலோமீட்டருக்கு ஐந்து லிட்டர், ஒரு மிடறு குறைவாகவே. கார் மேல் குற்றமே இல்லை.

மறுநாள் டயாலிசிஸ் முடிந்து பெர்சிதாவைக் கூட்டிப்போக வந்தபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கல்யாண மாப்பிள்ளை தோற்றான்.

"வண்டி சுத்தம் சிஸ்டர்! எவனோ திருட்டுப் பய எடுத்திருக்கான். நேத்தே டேங்குக்குப் பூட்டு போட்டுட்டேன். உள்ள சல்லடைத் தகடும் வெச்சுப் பத்தவெச்சுட்டேன், குழாயே எறங்காது. இனிமே நக்கிட்டுப் போகட்டும்!"

பெர்சிதா கோட்டு மாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கை உள்ளேயும் ஒரு கை வெளியேயுமாக நின்றாள்.

"பூட்டா?" என்றாள்.

"ஆமா, பூட்டு. என்ன அப்படிப் பாக்கற? இனிமே அஞ்சுதான்!"

கலினாவும் அண்ணனும் அதற்குள் கிளம்பிவிட்டிருந்தார்கள். பெர்சிதா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். புதன்கிழமை வரட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று இரண்டு பேருமே கண்ணால் பேசிக்கொண்டோம். வழியில் சொல்லிவிடலாம் என்று அவள் இரண்டு முறை வாயெடுத்தாளாம். அவர் பாட்டுப் பாடிக்கொண்டே ஓட்டியிருக்கிறார். அவர் பாடி அவள் கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

புதன்கிழமை பெர்சிதா உள்ளே நுழையும்போதே பெட்ரோல் நெடி. ஒத்தடம் கொடுக்கும் ரப்பர் பையில், நிலவறைக் கேனிலிருந்து ஒரு லிட்டர் திருடி நிரப்பி, கோட்டுக்குள் வயிற்றோடு கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கலினாவிடம் கொடுப்பதற்கு. பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது.

அந்த வாரம் டயாலிசிஸ் ஃபில்டர் தட்டுப்பாடு. காலை ஆட்களில் சிலரை மதிய ஷிஃப்டுக்கு மாற்றியிருந்தார்கள். "கலினாவையும் மாத்தியிருப்பாங்க" என்று நான்தான் சொன்னேன். பட்டியலை எடுத்துப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமையும் ரப்பர் பையோடு வந்தாள், அப்படியே திருப்பிக் கொண்டுபோனாள். மறுபடி திங்கட்கிழமை. அன்றைக்குத்தான் மதிய ஷிஃப்ட் நர்ஸை வராந்தாவில் பிடித்துக் கேட்டேன்.

"எங்ககிட்ட ஏது கலினா? காலையில வர்றான்னுல்ல நெனச்சோம்?"

 ஒரு வாரம். மூன்று முறை. அந்தக் கிராமத்துக்கு ஃபோன் லைன் குளிர்காலத்திலேயே அறுந்துபோயிருந்தது.

பெர்சிதாவின் ஊசியைக் கழற்றிக்கொண்டே சொன்னேன். அவள் அழவில்லை. கோட்டு போடாமலே நடந்து வராந்தாவுக்குப் போய், சுவரில் சாய்ந்து நின்றிருந்த விதோமிரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மார்ச்சிலிருந்து. காவலாளி, குழாய், மொபெட், எல்லாம். ரப்பர் பையை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் கத்துவார் என்று நினைத்து நான் இடையில் போய் நின்றேன்.

அவர் பையைத் தடவிப் பார்த்தார். "எங்கிட்ட சொல்லியிருக்கலாமேடி" என்றார்.

"நீ குடுத்திருப்பியா விதோ?"

அவர் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "வாங்க, போய்ப் பாத்துட்டு வந்துரலாம். வீட்டுல ஒரு கேன் இருக்கு. வாரா வாரம் நானே கொண்டு வந்து..." என்று சொல்லிக்கொண்டே படியில் இறங்கினார்.

நானும் ஏறினேன். பின்னால் சீட் இல்லை, மடித்த கம்பளி மேல் உட்கார்ந்தேன். இருபத்தைந்து கிலோமீட்டர் ஏற்றம்.  ஒரு வளைவில் விதோமிர், "இந்த ரோட்டுல மொபெட்ல, ரெண்டு பேரா" என்றார். அவ்வளவுதான்.

கேட்டில் கறுப்புத் துணி கட்டியிருந்தது. கம்பத்தில் ஒட்டிய காகிதத்தில் கலினாவின் படமும், நேற்றைய தேதியும். அன்று காலைதான் அடக்கம் செய்திருந்தார்கள். முற்றத்தில் வாதுமை மரத்தடியில் நீள மேசை, இனிப்புக் கோதுமை, ரொட்டி, வேகவைத்த கறி. ஊர்ச் சனம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

மிலென்கோ ஆஸ்பத்திரி முற்றத்தோடு நின்றுவிடுபவன், எங்கள் முகம் அவனுக்குத் தெரியாது. காரைத் தெரிந்தது. அதைப் பார்த்தபடியேதான் நடந்து வந்தான்.

"வாங்கக்கா" என்றான் பெர்சிதாவிடம். "அவ உங்களப் பத்தித்தான் எப்பவும் பேசுவா."

"ஏம்ப்பா வந்து கேக்கல? ஒரு வார்த்தை? நான் மேல வார்டுலதானப்பா படுத்திருந்தேன்!" பெர்சிதா அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பூட்டப் பாத்தேன். மொபெட்ல மிச்சம் இருந்தது வீடு வந்து சேரத்தான் ஆச்சு. அவகிட்ட சொன்னேன். 'அவங்களுக்கே இல்ல போல அண்ணே, இல்லன்னு சொல்ல சங்கடப்பட்டுப் பூட்டியிருக்காங்க. நீ போய்க் கேட்டுறாத'ன்னு கைய வெச்சு சத்தியம் வாங்கிட்டா. வெளியில தேடினேன். வியாழக்கெழம, வெள்ளிக்கெழம, டான்யூப் ஆத்தங்கரை வரைக்கும் நடந்தே போனேன். சனிக்கெழம சாயங்காலம் ஒரு ஆட்டைக் குடுத்து ஒரு லிட்டர் வாங்கிட்டேன். வந்து பாத்தா அவளால ஒக்கார முடியல. பெல்ட்ல கட்டினாக்கூட தலை நிக்கல."

அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். விதோமிர், "தம்பி, அந்தப் பூட்டு உங்களுக்காகப் போட்டதில்ல" என்று ஆரம்பித்தார். பாதியில் நின்றுபோனார்.

மிலென்கோ உள்ளே போய் ஒரு சோடா பாட்டிலோடு வந்தான். முழு லிட்டர், மூடி திறக்காதது.

"நல்ல வேளை நீங்களே வந்தீங்க. இத யார்கிட்ட குடுக்கறதுன்னு முழிச்சிட்டிருந்தேன். ஊர்ல வண்டி வெச்சிருக்கவன் ஒருத்தனும் இல்ல. வாங்கிக்கங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த மலைச் சனங்களுக்கு, செத்தவர் பேரைச் சொல்லி உயிரோடு இருப்பவர் கையில் கொடுப்பதுதான் செத்தவருக்குப் போய்ச் சேரும். ஆப்பிள், போர்வை, தண்ணீர், எது இல்லாமல் போனாரோ அது. வாங்குகிறவர் மறுத்தால் அங்கே அவர் வெறுங்கையோடு நிற்பார்.

விதோமிர் இரண்டடி பின்னால் போனார். "என்னால முடியாதுப்பா. எனக்குக் குடுக்காத. வேற யாருக்காவது..."

"அங்கயும் அவ நடந்தே போகணுமா மாஸ்டர்?" என்றான் மிலென்கோ.

கொடுக்கும் பொருளோடு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும். உறவுக்கார அத்தை ஒருத்தி எரியும் மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு நேரே பாட்டிலிடம் வந்துவிட்டாள். "ஐயோ, பெட்ரோல்!" என்று நான் அலறினேன். அந்த வீட்டில், அந்த நேரத்தில், இரண்டு மூன்று பேருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மிலென்கோவுக்கும்தான். மெழுகுவர்த்தியை வாசல் கேட்டின் கம்பத்தில், கலினாவின் படத்துக்கு மேலே ஒட்டிவைத்தாள் அத்தை.

மிலென்கோ பாட்டிலோடு டேங்கின் பக்கம் போய் நின்றான். பூட்டைப் பார்த்தான். காத்திருந்தான்.

விதோமிர் சாவியை எடுத்தார். முப்பது வருடம் ஊசி முனை அளவு துளையையெல்லாம் கண் மூடித் தொட்ட கை, பூட்டின் வாயில் சாவியை வைக்க முடியாமல் கீச்சுக் கீச்சென்று தகட்டைக் கீறியது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. மூன்றாவது தடவை திறந்தது. மிலென்கோ புனலை வைத்து, சிந்தாமல், நிதானமாக ஊற்றினான்.

"இது கலினாவுக்கு" என்றான்.

வாங்கியவர், "கடவுள் அவளை மன்னிக்கட்டும்" என்று சொல்ல வேண்டும். விதோமிரின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. பெர்சிதாதான் சொன்னாள். அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள்.

கிளம்பினோம். கேட்டைத் தாண்டியதுமே செங்குத்தான இறக்கம். விதோமிரின் கை பழக்கத்தில் சாவிப் பக்கம் போனது. இன்ஜினை அணைக்கவில்லை. கையை எடுத்துவிட்டார். முதல் கியரில் போட்டார், இரண்டாவதில் போட்டார், இன்ஜின் உறுமிக்கொண்டே இறங்கியது. அந்த ஒரு லிட்டருக்கான பதினேழு கிலோமீட்டரும் அப்படியே.

"அணைச்சுக்கய்யா" என்றாள் பெர்சிதா ஒரு தடவை, பழக்கத்தில்.

"வேணாம். எரிஞ்சாத்தான் அவளுக்குப் போகும்."

கிலோமீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். பதினேழு ஆனதும் ஓரத்தில் நிறுத்தினார். "முடிஞ்சிருச்சு" என்றார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, கேவிக் கேவி அழுதார். நான் பின்னால் கம்பளி மேல் உட்கார்ந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அலமாரியைத் திறந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்த கை.

பெர்சிதா இன்னும் இரண்டு குளிர்காலம் இருந்தாள். பெட்ரோல் ஒரு நாளும் குறையவில்லை, அவள் போனது இதயத்தால். பக்கத்துக் கட்டிலில் வேறு ஒருவர் வந்தார்.

மலையிலிருந்து வந்த மறுநாளே விதோமிர் பூட்டை எடுத்துவிட்டார், சல்லடைத் தகட்டையும் பிய்த்தார். காவலாளியிடம், "எவன் வந்து குழாய் விட்டாலும் தடுக்காத. எடுத்துக்கட்டும்" என்று சொல்லி வைத்தார். டேங்க் மூடியைப் பாதி திருகித்தான் வைப்பார். பட்டப்பகலில், அவ்வளவு பேர் பெட்ரோலுக்குச் செத்துக்கொண்டிருந்த ஊரில், அந்தக் காரை ஒருவனும் தொடவில்லை. கதை பரவியிருந்தது போல.

குச்சியை விட்டுப் பார்ப்பதை மட்டும் அவர் நிறுத்தவே இல்லை. பெர்சிதா இருந்தவரை ஒவ்வொரு திங்களும் புதனும் வெள்ளியும் வார்டு வாசலில் வந்து நின்று தொப்பியைக் கழற்றுவார். நானும் பதிலுக்குக் காத்திருப்பேன், யாராவது எடுத்திருந்து ஒரு தடவையாவது ஆறு என்று சொல்ல மாட்டாரா என்று.

"அஞ்சு சிஸ்டர்" என்பார். "இன்னிக்கும் அஞ்சுதான்."